பேசாத கிளி இருக்கா பாய்?

தென்னூரிலிருந்து காந்தி மார்க்கெட் ஒன்றும் தூர தேசமில்லை. ஆனால் மடியில் துண்டு சுற்றிய கிளிக்கூண்டோடு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அக்னஸுக்கு அன்றைக்கு அது மெட்ராஸை விடத் தூரமாகத் தெரிந்தது. கிளி வாயைத் திறந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் பயம். துண்டுக்குள் கையை விட்டு ஒவ்வொரு கோவைப்பழமாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். தின்கிற வாய் பேசாது என்று ஒரு நம்பிக்கை.

தோத்திரம் சொல்கிற கிளியாக இருந்தால் அவள் ஏன் பயப்படப் போகிறாள்?

அவள் புருஷன் சவரிராயன் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். கோயிலில் செபமாலை சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது. குரல் அப்படி, வெண்ணெய் மாதிரி. இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பெண்கள் அக்னஸிடமே சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் அவரோடு குடித்தனம் பண்ணவில்லை. வாசற்கதவைச் சாத்தினால் அந்தக் குரல் எங்கே போகுமோ தெரியாது. குழம்பில் உப்பு, சட்டையில் சுருக்கம், ஏதாவது ஒன்று போதும். "வாய மூடுடி சனியனே" என்று ஆரம்பிப்பார்; பின்னாலேயே கை வரும். பதினொரு வருஷமாக அவள் செய்ததெல்லாம் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவதும், ரேடியோவைச் சத்தமாக வைப்பதும், "மெதுவாங்க, வெளியில கேக்கும்" என்று கெஞ்சுவதும்தான். ஒரு தடவை சொந்த அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். "மாப்பிள்ளையா? சும்மா இரு அக்னஸ்" என்று அவன் சிரித்துவிட்டான். அண்ணனே நம்பாததை ஊர் எங்கே நம்பப் போகிறது!

ஜூன் மாதம் கிளி வாங்கலாம் என்று ஆரம்பித்ததும் அவர்தான். அக்டோபரில் மாதா சுரூபத்தை, அந்தச் சிலையை, வீடு வீடாகக் கொண்டுவந்து வைத்துச் செபமாலை சொல்வார்கள். தம் வீட்டுக்கு வருகிற அன்று பங்குச் சாமியாரைப் பார்த்துக் கிளி "தோத்திரம் சாமி" சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. கோயிலில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

அப்போது இருவரும் போன மார்க்கெட் பக்கத்துக் கடையில் மீரான் பாய் மூன்று கூண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றில் லவ் பேர்ட்ஸ் ஜோடி. ஒன்றில் ஸ்ரீரங்கத்துத் தென்னந்தோப்பில் பிடித்த சாதாரணப் பச்சைக்கிளி. மூன்றாவதில் வடக்கிலிருந்து வந்த பெரிய சாதிக் கிளி, தோளில் சிவப்புத் திட்டோடு, கூட்டை விட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"லவ் பேர்ட்ஸ் கீச்சு கீச்சுங்கும், அவ்வளவுதான். பச்சைக்கிளி மழலையா நாலு வார்த்தை சொல்லும். இந்தப் பெரிசு இருக்கே, மனுஷக் குரல அப்படியே எடுத்துரும் சார். ஆனா ஒண்ணு, நாம சொல்லிக் குடுக்கறதத்தான் படிக்கும்னு இல்ல. வீட்ல எத வேகமா, திரும்பத் திரும்பப் பேசறீங்களோ, அதத்தான் மொதல்ல புடிக்கும்."

அக்னஸுக்குப் பகீரென்றது. "லவ் பேர்ட்ஸே போதுங்க" என்றாள். சவரிராயன் சிரித்த முகத்தோடு அவள் முழங்கைக்கு மேலே கட்டை விரலை வைத்து அழுத்தினார். "பெரிசையே குடுங்க பாய்." அவருக்கு ஒரு கவலையும் இல்லை. வீட்டில் தாம் பேசுவதும் பேச்சுதான் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் அக்னஸ் தினமும் நூறு தடவை தோத்திரம் சொன்னாள். கிளி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்ளும், அதோடு சரி. அவர் சத்தம் போட்டால் மூலையில் ஒடுங்கிவிடும். போன வாரம் மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கூடத்தில் "வாய மூடுடி சனியனே" என்று அவர் குரல் கேட்டது. அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாரா என்று பதறி ஓடினால் ஆளைக் காணோம். கிளி மட்டும் இருந்தது. பழக்க தோஷம், போய் ஜன்னலைச் சாத்தினாள்.

நாளை மறுநாள் மாதா வருகிறாள். அதற்குள் கூண்டை மாற்றிவிட்டு, கிளி செத்துப்போனது என்று சொல்லி வாங்குகிற அடியை வாங்கிக்கொள்ளலாம். அந்தத் திட்டத்தோடுதான் அன்றைக்கு அவள் பஸ் ஏறியது.

"பேசாத கிளி இருக்கா பாய்?"

மீரான் பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் பேசறதத்தான் கேப்பாங்க, நீங்க என்னம்மா?" என்று துண்டை விலக்கினார். "நல்லாத்தானே வளத்திருக்கீங்க. என்ன குறை இதுக்கு?"

"சும்மா சத்தம் போடுது பாய்..."

கிளி கம்பியைக் கவ்வி மேலே ஏறியது. பாயை ஒரு பார்வை பார்த்தது.

"வாய மூடுடி சனியனே! தொலச்சுருவேன்!"

தலைமை ஆசிரியரின் குரல், அச்சு அசல். அதோடு நின்றிருக்கலாம். கிளி உடனே குரலை மாற்றிக்கொண்டு அக்னஸாகக் கெஞ்சியது: "மெதுவாங்க, வெளியில கேக்கும்."

டீ கிளாஸ் பாயின் வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது. கிளி வாங்க வந்த சாரின் குரல் அவருக்கு மறக்கவில்லை. அவர் பார்வை அவள் முழங்கைக்குப் போய்த் திரும்பியது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பொய் சொல்லியிருப்பாள்.

எழுந்து போய் லவ் பேர்ட்ஸ் கூண்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். "மாத்திக்கங்க. காசு வேணாம். இது ஒண்ணும் சொல்லாது. வீட்ல என்ன நடந்தாலும் இதே கீச்சு கீச்சுதான்." இரண்டு கூண்டையும் அவள் பக்கம் தள்ளினார். "எது வேணும்னு இந்தத் தடவ நீங்க சொல்லுங்கம்மா."

அவமானத்தில் அவளுக்குக் காது அடைத்தது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. சொந்த அண்ணன் நம்பாததை முன்பின் தெரியாத பாய் ஒரு நொடியில் நம்பிவிட்டார். அதுவும் அவள் ஒரு வார்த்தை சொல்லாமலே. ஊர் நடுவே இந்தக் கிளி பேசினால் புருஷன் அவளைக் கொன்றே போடுவார். பேசாவிட்டாலும் என்றைக்காவது ஒருநாள் அதுதானே நடக்கப் போகிறது?

"இதுவே இருக்கட்டும் பாய்" என்றாள். சொல்லிவிட்டுத் துண்டைச் சுற்றினாள்.

"கிளி தோத்திரம் சொல்லுதா?" என்று மறுநாள் சவரிராயன் கேட்டார்.

"நீங்க இல்லாதப்ப நல்லாப் பேசுதுங்க."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

மாதா வந்த அன்று சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. மேஜைமேல் சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, நாற்காலியில் சாமியார், கோரைப்பாயில் தெருக்காரர்கள் இருபது பேர். கூண்டை மேஜைக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார் சவரிராயன். கிளி உம்மென்று உட்கார்ந்திருந்தது. "கூட்டத்தைப் பார்த்து வெக்கப்படுது" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டு முழந்தாளிட்டார். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று அவர் முன்பாதியைச் சொல்ல, கூட்டம் பின்பாதியைச் சொன்னது. இந்த வெண்ணெய்க் குரலை அந்தக் கிளி அதுவரை கேட்டதில்லை. வீட்டில் அவர் எங்கே செபம் சொன்னார்? யாரோ புது ஆள் என்று நினைத்ததோ என்னவோ, செபமாலையின் இரண்டாவது பத்து முடிவதற்குள் சிறகை உதறிக்கொண்டு கம்பியில் ஏற ஆரம்பித்தது. அக்னஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துண்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுக்கவில்லை.

மூன்றாவது பத்து முடிந்தது. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு கணம் அமைதி.

"வாய மூடுடி சனியனே! தொலச்சுருவேன்!"

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. இதுவரை செபம் சொன்ன அதே குரல் அது. அடுத்து, கெஞ்சலாக: "மெதுவாங்க, வெளியில கேக்கும்."

சவரிராயன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று முன்பாதியைச் சொல்லி முடித்தார்.

பின்பாதி வரவில்லை.

மறுபடி சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாமியார் தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

பின்வரிசையில் கோரைப்பாய் சரசரத்தது. பக்கத்து வீட்டு லூர்துராணி எழுந்து ஆட்களைத் தாண்டி வந்தாள். ஜன்னல் சாத்துகிற சத்தத்தைப் பதினொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். அக்னஸை ஒட்டினாற்போல் முழந்தாளிட்டு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு நான் இங்கதான் படுக்கப் போறேன்" என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள். அப்புறம், "நீ ஆரம்பி, அக்னஸ்."

அக்னஸ் ஆரம்பித்தாள். அவள் முன்பாதியை முடித்ததும் இருபது பேரும் சேர்ந்து பின்பாதியைச் சொன்னார்கள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்டது.