வலப்பக்கத்து வகுப்பறை

நெரெய்டா அளந்தது பாதிப் பள்ளிக்கூடத்தைத்தான். அன்று வலப்பக்க அறைகளில் மழைநீர் தேங்கி நின்றது. பழைய கட்டடம், நடுவாசலுக்கு இருபுறமும் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று, இடப்பக்கத்துப் படத்தைக் கணினியில் திருப்பி வலப்பக்கமாக ஒட்டிவிட்டாள். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி அது.

இன்று பிற்பகல் தலைநகர் சான் ஹுவானில், கல்லூரியில், நடுவர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு அது பள்ளி இருக்கும் இந்த மலையூரின் நகராட்சிக்கு வரும். புயல் நேரத்தில் மக்கள் தங்க எந்த அறைகளைத் திறப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

நேற்று ஒரு புகைப்படத்தில் வலப்பக்கச் சன்னல் சாய்ந்தாற்போல் தெரிந்தது. அதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் ஜெபிக்க உட்கார்ந்தாள். வார்த்தைக்குப் பதில் சன்னல்தான் வந்தது. எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

வலப்பக்க அறையின் சுவரில் காரைப்பூச்சு உதிர்ந்துகொண்டே இருந்தது. அளவு நாடாவின் நுனி எங்கே மாட்டினாலும் நழுவி விழுந்தது. எதிரே உப்புமீன் அடை பொரித்து விற்கும் க்ருசித்தா எட்டிப் பார்த்தாள்.

"என்ன பொண்ணே, சுவரோட மல்லுக்கட்டுறியா?"

"இந்த நுனி நிக்க மாட்டேங்குது, டோன்யா க்ருசித்தா. யாராவது பிடிச்சா..." என்று பெரியவளிடம் மரியாதையோடு இழுத்தாள் நெரெய்டா.

"எண்ணெய் காயுதே!" என்றவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"என் அடை எங்க?" என்று கத்தினார் காத்திருந்தவர்.

"கொஞ்சம் பட்டினி கிட, பெனிக்னோ. உன் வயிறு தாங்கும்!"

ஆண்டவர் பல காரியங்களை இப்படித்தான் தொடங்குகிறார். மறுநுனியைப் பிடிக்க ஓர் ஆளை அனுப்புகிறார்.

தரையோரம் சுவருக்குச் சுவர் அளந்தார்கள். மேசைமேல் ஏறி மேலேயும் அளந்தார்கள். மேலே ஒரு கையகலம் கூடுதல். இன்னொரு முறை அளந்தபோதும் அதேதான். சுவர் வெளியே சாய்ந்துகொண்டிருந்தது.

"போன புயலுக்கு அம்மாவ இங்கதான் படுக்க வச்சேன்," என்றாள் க்ருசித்தா. "வீட்டுக்குப் பக்கம் பாரு. இந்தத் தடவையும் இதான் எங்க ரூம்."

பிற்பகல் நெரெய்டா மாட்டிய படத்தில் வலப்பக்கம் ஓர் அறையைத் தவிர வெறுமையாக இருந்தது.

"மிச்சக் கட்டடம் எங்கம்மா?" என்றார் பேராசிரியர் அர்சுவாகா.

"அளக்கல, சார். நேத்து வரைக்கும் இடப்பக்கத்தைத் திருப்பிப் போட்டு வச்சிருந்தேன்."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது.

"அப்படியே கொடுத்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது, சார். ஆனா அந்தச் சுவர் சாயுது. புயல்ல அதுக்குக் கீழ ஆள் படுப்பாங்க."

அவர் பேனாவை மூடினார். "இந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும், சார்."

அடுத்த வாரம் நகராட்சி வலப்பக்கத்தைப் பூட்டியது. மீதியை அளக்க அனுமதியோடு வந்த நெரெய்டாவைக் க்ருசித்தா வழிமறித்தாள்.

"நாடா பிடிச்சவளுக்கே பூட்டா? அம்மாவ அந்த இடப்பக்கக் கோடி அறை வரைக்கும் யாருடி தூக்குவா?"

"நான் வந்து தூக்குறேன், டோன்யா."

"புயலன்னிக்கு வந்து முழிக்காத. இப்பவே ஒத்திகை பாத்துருவோம்."

இருவரும் க்ருசித்தாவின் அம்மாவை நாற்காலியோடு தூக்கினார்கள். நெரெய்டாவின் பக்கம் சற்றே தாழ்ந்தது.

"பாத்துத் தூக்கும்மா," என்றாள் கிழவி. "இந்தப் பக்கமும் சாயுது."