ரசம் ஆறட்டும்

லில்லிக்கும் எனக்கும் ஒரு பேச்சு உண்டு. ஒருத்தியின் பார்ட்டிக்கு இன்னொருத்தி போனால் கமிஷன் பாதி பாதி. எழுதி வைத்துக்கொண்டதில்லை. எட்டு வருஷமாக இருவரும் ஒரே கம்பெனியின் பிளாஸ்டிக் டப்பாக்களை விற்கிறோம், இதற்கெல்லாமா பத்திரம் எழுதுவார்கள்?

பார்ட்டி என்றால் கேக் வெட்டுவது இல்லை. ஒரு வீட்டுக்காரம்மா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பாள். நாங்கள் போய் டப்பாக்களைத் திறந்து மூடிக் காட்டி ஆர்டர் எடுப்போம். வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு டப்பா இலவசம், எங்களுக்கு நூற்றுக்கு இருபது.

லில்லி என்னைவிட அதிகம் விற்பாள். அதில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு, மறைப்பானேன். அவளிடம் ஒரு வித்தை இருந்தது. டப்பாவில் ரசம் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, பாயில் விரித்த சந்தன நிறப் பட்டுச் சேலைக்கு மேலே தலைகீழாகப் பிடிப்பாள். "இது எங்க கல்யாணத்துக்கு எடுத்த பட்டு" என்பாள். பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு சொட்டு விழாது. உடனே ஆர்டர் புத்தகத்தை நீட்டுவாள்.

கல்யாணப் பட்டாம்! நான் அதை ஒரு நாளும் நம்பியதில்லை. புத்தியுள்ள எவளாவது அசல் பட்டின் மேல் ரசத்தைக் கவிழ்ப்பாளா? ஐந்நூறு ரூபாய் பவர்லூம் சேலையைக் காட்டி ஊரை ஏமாற்றுகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் சாமர்த்தியத்தை மனசுக்குள் மெச்சவும் செய்தேன்.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை சாயந்தரம் அவள் போன் செய்தாள். பையன் விஷாலுக்கு வயிற்று வலி, குடல்வால் என்று சொல்லிவிட்டார்கள், ஞாயிறு காலை ஆபரேஷன்.

"நாளைக்கு சின்ன காஞ்சிபுரத்துல சந்தியா வீட்டு பார்ட்டி இருக்குது ரேவதி. பதினாலு பேரு. நீ போய்ட்டு வரியா?"

"இதைக் கேக்கணுமா? நீ புள்ளயப் பாரு."

"எங்க வீட்டுக்காரு ஜான்சன்கிட்ட டப்பா பைய குடுத்து அனுப்புறேன். சேலையும் அதுல இருக்குது. அவங்க ரசம் டெமோவத்தான் எதிர்பாத்துக்கினு இருக்காங்க. கேளு, ரசத்த ஊத்தறப்ப மட்டும்..."

"எனக்கேவா சொல்லித் தர? நானும் எட்டு வருஷமா இதத்தானே பண்றேன். வைம்மா" என்று போனை வைத்துவிட்டேன்.

அவள் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அப்போதும் என் மனசு, தொண்டை கிழியப் பேசப்போவது நான், பாதி வாங்கப்போவது அவள் என்று கணக்குப் போட்டது. நான் அப்படிப்பட்டவள்தான்.

ஞாயிறு மதியம் செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனேன். சந்தியா வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் தறி வீட்டுப் பெண்கள். நான் மசாலா டப்பா, மாவு டப்பா எல்லாம் காட்டினேன். யாருக்கும் சுரத்து இல்லை. "அந்த ரசத்த காட்டுங்க" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

சந்தியா உள்ளே போய் ரசத்தைக் கொண்டுவந்தாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது, ஆவி பறந்தது. நான் சேலையைப் பையிலிருந்து உதறிப் பாயில் விரித்தேன். ரசத்தை டப்பாவில் ஊற்றினேன். மூடியை நாலு பக்கமும் அழுத்தினேன். லில்லி சொல்வதை அப்படியே சொன்னேன்: "இது கல்யாணத்துக்கு எடுத்த பட்டு." கவிழ்த்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் மூடி 'டப்'பென்று தெறித்தது. கொதிக்கக் கொதிக்க ஒரு டப்பா ரசமும் சேலை நடுவில். தக்காளித் தோல், கொத்தமல்லி, கடுகு எல்லாம் அதன் மேல் பரவிக் கிடந்தன. என் கைவிரல்களும் வெந்துபோயின.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "இந்த டப்பா பழசு, மூடி லூஸா இருக்குது போல" என்றேன்.

அன்னம்மாள் என்று ஒரு அம்மா, அடுத்த வீடு, இன்றைக்கும் தறியில் உட்காருகிறவள். அவள் எழுந்து சேலையைத் தூக்கிக் கொல்லைக் குழாய்க்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். சேலையை விரலில் தேய்த்துப் பார்த்தாள். கரையும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது அசல் பட்டும்மா" என்றாள். "கைத்தறி. கரைய தனியா கோத்து நெய்ஞ்சது. இருவது வருஷம் இருக்கும். இதும் மேலயா ரசத்த கவுத்த?"

"பவர்லூம் இல்லியா?" என்றேன்.

"இன்னாம்மா, தெரியாதா உனக்கு? நாங்க உக்காந்துக்கினு இருக்கிற எடத்துல டூப்பு சேலைய காட்டினா சிரிச்சிட மாட்டமா? லில்லி மொதல் தடவ அப்படித்தான் ஒண்ணு கொண்டாந்துச்சு. நாங்க சிரிச்சிட்டோம். மறுவாட்டி இத கொண்டாந்துச்சு."

அவள் சேலையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் பிரித்துப் பிடித்தாள். நடுவில் இரண்டு கை அகலத்துக்கு மஞ்சளும் சிவப்புமாகக் கறை. அவள் காட்டியது அந்தக் கறையை அல்ல, மீதிச் சேலையை.

"பாத்துக்குங்க. எட்டு வருஷமா இதும் மேல கவுத்துக்கினு இருக்குது அந்தப் பொண்ணு. வேற எங்கனா ஒரு கறை இருக்குதா? அப்ப டப்பா மேல தப்பில்ல. கொதிக்கிற ரசத்த ஊத்தி மூடினா ஆவி தள்ளாதா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல நின்றேன். அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் ஆர்டர் கொடுத்தார்கள். இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய். என் எட்டு வருஷத்தில் ஒரு பார்ட்டியில் அவ்வளவு எடுத்ததில்லை. நான் விற்கவில்லை. லில்லியின் சேலையில் இல்லாத கறைகள் விற்றன.

சாயந்தரம் லில்லி போன் செய்தாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாம், பையன் கண் விழித்துவிட்டானாம். "பார்ட்டி எப்படி?" என்றாள். தொகையைச் சொன்னேன். "அடேங்கப்பா! சேலைய மடிச்சி வச்சிக்கோ, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றாள். "சரி" என்றேன். அந்த ஒரு சொல்லில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ஒரு வாரம் அலைந்தேன். சலவைக் கடைக்காரர் பாதிக் கறையைத்தான் எடுத்தார். உள்ளங்கை அளவுக்கு ஒன்று அசையவே இல்லை. சாயப் பட்டறையில் கேட்டேன். அரக்குச் சாயம் ஏற்றினால் கறை மறையும், ஆனால் ஜரிகை செத்துவிடும் என்றார்கள். லில்லி இரண்டு தடவை போன் செய்தாள். பையனைப் பற்றிப் பேசினோம். சேலையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு டப்பாக்களை எல்லாம் கொடுத்துப் பணம் வாங்கியாகிவிட்டது. கமிஷன் நாலாயிரத்து அறுநூற்று எண்பது. அத்தனையையும் ஒரு கவரில் போட்டு, சேலையையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். விஷால் கட்டிலில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். லில்லி டீ போட்டாள். நான் டீயைத் தொடாமல் சேலையைப் பிரித்துக் காட்டினேன்.

"ரசம் சூடா இருந்துச்சு" என்றேன்.

லில்லி கறையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கறை உள்ளே போகும்படி மடித்தாள்.

"தெரியும். சந்தியா அன்னிக்கே சொல்லிட்டாங்க" என்றாள். "நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கவரை நீட்டினேன். "பாதி இல்ல லில்லி. முழுசும் நீயே வச்சிக்கோ."

அவள் எண்ணினாள். இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பதை எடுத்துக்கொண்டு மீதியை என் மடியில் வைத்தாள்.

"பாதி பாதின்னா பாதி பாதிதான்."

"அப்ப சேலை?"

"கமிஷன் நீ பண்ண வேலைக்கு. சேலைக்கு இதுல இன்னா சம்பந்தம்? பணத்த குடுத்துட்டா கணக்கு தீந்திடும்னு பாக்குறியா?" அவள் குரல் உயரவே இல்லை. "எங்க அப்பா வட்டிக்கு வாங்கி எடுத்த சேலை அது. சர்ச்சுக்கு ஒரு நாள் கட்டினேன். அப்புறம் சோத்துக்கு ஒழைச்சது. போனாப் போவுது. ஆனா ஒரு வாரம் எதுவும் நடக்காத மாதிரி எங்கிட்ட பேசிக்கினு இருந்தியே ரேவதி, அதத்தான் தாங்க முடியல."

கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். எதற்கும் வழியில்லாமல் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது. பக்கத்து சீட் பெண் திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு லில்லி பார்ட்டிகளுக்குப் பழைய பெட்ஷீட்டைக் கொண்டுபோகிறாள் என்று கேள்விப்பட்டேன். பெட்ஷீட் மேல் ரசத்தைக் கவிழ்த்தால் எவள் மூச்சைப் பிடிப்பாள்? ஆர்டர் பாதியாகக் குறைந்துவிட்டதாம். யாரிடமும் அவள் காரணம் சொல்லவில்லை.

ஐப்பசியில் திருப்புட்குழியில் அவளுக்கு ஒரு பார்ட்டி இருந்தது. என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் பஸ் ஏறினேன். நான் போனபோது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், லில்லி பெட்ஷீட்டை விரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

நான் பெட்ஷீட்டைச் சுருட்டி ஓரம் வைத்தேன். என் பையிலிருந்து அரக்கு நிறப் பட்டை எடுத்துப் பாயில் விரித்தேன். எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்தது. பதினேழு வருஷத்தில் ஆறு தடவை கட்டியிருப்பேன். பீரோவைத் திறக்கும்போது ராமலிங்கம், என் வீட்டுக்காரர், "யாருக்கு கல்யாணம்?" என்று கேட்டார். "டப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"ஏய், வேணாம் ரேவதி" என்றாள் லில்லி மெதுவாக.

"நீ ஊத்து."

அவள் என்னையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வீட்டு அம்மா கொண்டுவந்து வைத்த ரசப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினாள்.

"உன் சேலை. நீயே ஊத்து."

பெண்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இது அசல் கல்யாணப் பட்டு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். வாரம் தவறாமல் எட்டு வருஷம் இவள் எப்படி இதைச் செய்தாள் என்று நினைத்தேன்.

"ஆறிச்சா பாரு" என்றாள் லில்லி.

விரலை விட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது.

"இன்னும் பத்து நிமிஷம் ஆகட்டும்" என்றேன். லில்லி சிரித்துவிட்டாள்.