அடிப்பக்கம் செய்யப்படாத ஆறு

ஆற்றில் தண்ணீர் வந்து வெகுகாலம் ஆகிவிட்டதால், நகராட்சி எபனேசர் செய்த தண்ணீரை வாங்கி விரித்துவிட்டது. எபனேசருக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குத் தண்ணீர் செய்யும் வேலை. பளபளப்பு, நுரை, சரிவு பார்த்து ஓடும் ஓட்டம் எல்லாம் அவன் கைவேலை. ஃப்ளெக்ஸ் பேனரைப் போல இரண்டு கரைக்கும் இழுத்துக் கட்டினார்கள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. ஒருத்தருக்கும் திருப்தியில்லை.

"தண்ணியாட்டந்தான் இருக்கு. ஆனா தண்ணி இல்ல," என்றார் அவனுடைய மேலாளர் சங்கரபாண்டி. "சாயங்காலம் அமைச்சர் திறந்துவைக்க வாராரு. அதுக்குள்ள சரிபண்ணு."

எபனேசர் கரையில் லேப்டாப்போடு உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டான். சின்னதாக ஓர் ஓட்டத்தைச் செய்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். முடிவும் தொடக்கமும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. இங்கே நடு ஆற்றில் தையல் போட்டதுபோல அப்பட்டமாகத் தெரிந்தது.

மதியம் நன்றாகத் தாண்டிய பிறகு அவன் மனைவி பியூலா தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள்.

"நனையுதான்னு கொஞ்சம் பாரேன்," என்றான்.

அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். தூக்குச்சட்டியைக் கீழே வைக்க மறந்துவிட்டாள். நடு ஆறுவரை நடந்தாள்.

"நனையலயேங்க," என்றாள். அடுத்த எட்டில் தையலுக்குள் போய்விட்டாள்.

அந்த இடத்திலிருந்து அலை வளையம் வளையமாகப் பரவியது. நல்ல வளையம். எபனேசருக்கு முதலில் தோன்றியதே அதுதான். பிறகு அதற்காகத் தன்னையே வெறுத்தான், பாவம்.

ஓடிப்போய்க் கரையோரம் தண்ணீரின் ஓரத்தைப் பாயைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தான். மணல் இல்லை. அதை முன்பே அள்ளிவிட்டார்கள். இருட்டுகூட இல்லை.

"சார், அடியில ஒண்ணுமே இல்ல."

"இருக்காது. அடிப்பக்கம் நாம செய்யலல்லா," என்றார் சங்கரபாண்டி.

"பியூலா அங்க போயிட்டா."

"வெளையாட்டுல கேமரா அங்கன போகாதே."

"அவ போயிருக்கா சார்."

"ஆர்டர் மேல்பக்கத்துக்கு மட்டுந்தான் எபனேசரு."

அதற்குள் ஓட்டம் முடிந்து மறுபடி தொடங்கியது. நடு ஆற்றில் முதலில் தூக்குச்சட்டி எழுந்தது. பிறகு கை. பிறகு பியூலாவின் முகம். ஒரு மூச்சு இழுப்பதற்குள் முங்கிவிட்டது. வளையம் பரவியது. மறுபடி தூக்குச்சட்டி எழுந்தது.

கரையில் கைதட்டினார்கள்.

"இப்பந்தான் ஆறு மாதிரி இருக்கு," என்றார் ஒரு பெரியவர். "ஆளு போகாத தண்ணி என்ன தண்ணி."

சங்கரபாண்டிக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. "அருமைவே. அந்த அம்மாவ மட்டும் அழிச்சிரு. அமைச்சர் சங்கடப்படுவாரு."

அழித்தால் அவள் அதோடு போனாள். விட்டால் காலம் முழுக்க முங்கி முங்கி எழுவாள். எபனேசர் லேப்டாப்புக்கு ஓடினான். அடுத்த தடவை முகம் எழுந்ததும் அதில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தான். ஆறு அப்படியே நின்றது. விரலை எடுத்தால் ஓடிவிடும்.

பியூலா கழுத்தளவில் நின்று மூச்சு வாங்கினாள்.

"சோத்த வாங்கிக்கிடுங்க," என்றாள்.

"சார், இத கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க. நான் போயி அவளத் தூக்கிட்டு வந்திருதேன்."

"அமைச்சர் காரு பாலத்துக்கு வந்துட்டு. நான் மாலைய பாக்கவா, ஒம் பொத்தான அமுக்கவா?" சங்கரபாண்டி வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். "ஓடவிடு. நிக்குத தண்ணிய யாருவே திறந்து வைப்பா?"

எபனேசர் சுற்றிலும் பார்த்தான். எல்லார் கையிலும் செல்போன் இருந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கைகூடக் காலியாக இல்லை.

கொட்டுச் சத்தம் நெருங்கி வந்தது. பியூலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை வலிக்குதாங்க?" என்றாள். "வலிச்சா விட்ருங்க."

"வலிக்கல," என்றான் எபனேசர்.

விரல் மரத்துப்போயிருந்தது. அது இன்னும் பொத்தானின் மேல்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.