வரப்பில் ஒரு நண்டு வளை

...வயல் பச்சையாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் உறுத்துகிறது. நிலக்கரி எடுத்த பள்ளத்தை மூடி, மேல்மண் பரப்பி, மறுபடி நெல் நட்டிருக்கிறோம் என்று சுரங்க அதிகாரி சொன்னபோது பொய்யென்றுதானே நினைத்தேன், பொட்டல்காட்டைக் காட்டுவார்கள், முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதானே வேனில் ஏறினேன்... இங்கே பயிர் கதிர் வாங்கி நிற்கிறது. எங்கள் வயலுக்கடியிலும் கரி இருக்கிறதாம். பட்டா பூவம்மாள் என்று என் பேரில். வேன் ஊர் திரும்புவதற்குள் நிலத்தைத் தரச் சம்மதம் என்று நான் தலையாட்ட வேண்டும், ஆட்டினால் மகன் செந்திலுக்கு அனல்மின் நிலையத்தில் வேலை, ஆட்டாவிட்டால் மறுபடி துபாய், போன தடவை போனவன் அப்பா சாவுக்குக்கூட வந்து சேரவில்லை, என் சாவுக்கு? "நல்லாத்தானேம்மா வெளஞ்சிருக்கு, இன்னும் என்ன யோசன?" என்கிறான். என்ன யோசனை... இந்த வரப்பில் ஏன் ஒரு நண்டு வளைகூட இல்லை?

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நண்டைத் திட்டித் தீர்த்தவள் நான். வரப்பைத் துளைத்து, கட்டிய தண்ணீரையெல்லாம் பக்கத்து வயலுக்கு விட்டுவிடும், நாசமாய்ப் போக என்று குதிகாலால் வளையை மிதித்து அடைத்துக்கொண்டே நடந்து நடந்து, நடையே அப்படியாகிவிட்டது, கல்யாண மண்டபத்திலும் வலது கால் ஓர் அழுத்து அழுத்தும், செந்தில் கேலி செய்வான். நண்டில்லாத வரப்பைத்தானே வேண்டிக்கொண்டேன், இப்போது ஏன் ஒன்றையாவது தேடுகிறேன்? மருந்தடித்திருப்பார்கள்... நாங்களும்தான் அடிக்கிறோம், அதற்கெல்லாம் சாகிற ஜென்மமா அது? கரியைக் குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை, ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் என் நாற்றைக் காப்பாற்றியது மோட்டார்தான், அந்தக் கரண்ட் எவள் வயலைத் தோண்டி வந்ததோ, அவளும் இப்படித்தான் ஒரு வரப்பில் வந்து நின்றாளோ? பயமாக இருக்கிறது. ஒரே ஒரு வளை தென்பட்டால் போதும், மண்ணுக்கு உயிர் திரும்பிவிட்டது என்று நம்பிச் சரி சொல்லிவிடுவேன், பிள்ளையும் கூடவே இருப்பான்... குனிந்து பார்த்துக்கொண்டே வரப்பின் கோடிக்கு வந்துவிட்டேன்.

"அம்மா, எல்லாரும் ஏறியாச்சு, வாம்மா." வேனிலிருந்து செந்தில் கத்துகிறான். திரும்பி வேகமாக நடக்கிறேன், வலது குதிகாலுக்கடியில் ஏதோ பொதுக்கென்று உள்வாங்குகிறது. காலை எடுத்தால் என் தடம் மட்டும்தான், வழவழவென்று. வளையா, வெறும் ஈரமண்ணா? உட்கார்ந்து விரலால் தோண்டுகிறேன், மண் சரிந்து சரிந்து மூடுகிறது. "என்னம்மா தேடுற?" பக்கத்தில் வந்துவிட்டான். வளை இருந்ததா? இருந்திருந்தால், அதை நானே அல்லவா அடைத்துவிட்டேன்.