எந்தப் பாட்டுக்கு ஆடினாள்?

என் மனைவிக்கு ஆடத் தெரியும் என்பது கல்யாணமாகிப் பதினேழு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் மகள் தன் செல்போனை நீட்டிக் காட்டியதால்.

மனைவி நர்ஸ். கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை; போய் மூன்றாவது வருடம் நடக்கிறது. அங்கே அவளோடு வேலை பார்க்கும் யாருக்கோ பிறந்தநாள். ஊழியர் விடுதிக் கூடத்தில் மேசை நாற்காலிகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். மூலையில் தொப்பி போட்ட ஒருவன், வட்டத் தட்டுகள் பதித்த பெட்டி ஒன்றைத் திருகித் திருகிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். கூட்டத்துக்கு நடுவில் நீலச் சட்டையில் இவள். கண்ணை மூடிக்கொண்டு தோளை ஆட்டுகிறாள். திடீரென்று இரண்டு கைகளையும் வளைத்து, காற்றில் யாரையோ கட்டிப்பிடித்தாற்போல, குதித்துக் குதித்து நகர்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

"அம்மா செமையா ஆடுறாங்கல்லப்பா?" என்றாள் மகள்.

"ம்" என்றேன். வயிறு எரிந்தது. பொய் எதற்கு? வீட்டில் பாட்டுப் போட்டால் "சத்தத்தக் குறைங்க, தலை வலிக்குது" என்பாள். ஒரு நாள் ஆசையாகக் கையைப் பிடித்து இழுத்ததற்கு, "வயசான காலத்துல இது வேறயா?" என்று கரண்டியை ஓங்கினாள். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அப்படிப்பட்டவளை எவனோ ஒரு தொப்பிக்காரன் ஒரே சாயங்காலத்தில் ஆட வைத்துவிட்டான். அந்தக் கட்டிப்பிடிக்கிற ஸ்டெப்தான் என்னைத் தூங்கவிடவில்லை. காற்றில் யாரை அணைத்தாள்?

வீடியோவில் உண்மையான சத்தமும் இல்லை. எடுத்த தோழி அதன்மேல் ஒரு வாழ்த்துப் பாட்டை ஒட்டி ஸ்டேட்டஸில் போட்டிருந்தாள். இவள் எந்தப் பாட்டுக்கு ஆடினாள் என்பது தெரியவில்லை. அவளையே கேட்கலாம்தான். கேட்டால் நான் பார்த்தது தெரிந்துவிடும். தெரிந்தால் அதோடு ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவாள். அவள் குணம் அப்படி.

இதில் வேடிக்கை, அதே சாயங்காலம் நான் அவளோடு போனில் பேசியும் இருக்கிறேன். எங்கள் வாஷிங் மெஷின் அன்றைக்குப் பேய் பிடித்தாற்போல் குதித்தபடி கூடம் வரை நடந்து வந்துவிட்டது. அதைப் பற்றிய புலம்பல். பின்னால் ஒரே இரைச்சல். "என்ன சத்தம் அங்க?" என்றேன். "இங்க பக்கத்துல பார்ட்டிங்க. நீங்க சொல்லுங்க, வச்சிராதீங்க" என்றாள். நானும் வெட்கமில்லாமல் அரை மணி நேரம் சொன்னேன். பாவம், புருஷன் எப்போது வைப்பான், எப்போது போய் ஆடலாம் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அவள் விடுமுறைக்கு வருவதற்குள் டிஜே வேலையைக் கற்று, எங்கள் வீட்டுக் கூடத்தில் அவளை ஒரு முறை ஆட வைத்துவிட வேண்டும். மகளிடம் சொன்னபோது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாதி மூக்கு வழியாக வந்தது.

முதலில் ஓர் அகாடமிக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவரில் வண்ண விளக்கு. வரவேற்பில் இருந்த பையன் மூச்சுவிடாமல் பேசினான். பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் உண்டாம், பெரிய மேடையில் ஒரு நிகழ்ச்சி உண்டாம்.

"சார் எந்த மாதிரி கூட்டத்த டார்கெட் பண்றீங்க?"

"ஒரே ஒரு ஆள் ஆடினாப் போதும் தம்பி."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. அவனுடைய மூக்குக் கண்ணாடி சரிந்து சரிந்து விழுந்தது. நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன்; கை சும்மா இருக்குமா? அதைக் கழற்றி, காதுப்பக்கம் லேசாக வளைத்து மாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்து வீடியோ பாடம். திரையில் ஒருவன் காது கிழியக் கத்தினான். அவன் சொன்னபடி செல்போனில் ஒரு பொத்தானைத் தொட்டதும் இரண்டு பாட்டும் தானாகவே வேகம் சேர்ந்துகொண்டன. அந்தப் பொத்தான் இல்லாமல் நானே செய்து பார்த்தால் இரண்டும் எலியும் பூனையும்போல அடித்துக்கொண்டன. போன் சரியில்லை என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் மகள். அப்படியே அவள் அம்மா வாய்.

கடைசியில்தான் மைக் செட் கடை ஞாபகம் வந்தது. அதை நடத்தும் பெண் எங்கள் கடையில்தான் கண்ணாடி போட்டவர். விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுத்து, தானே போய்ப் பாட்டும் போடுவார். வேலை இல்லாத மதியங்களில் நாலைந்து பேருக்குச் சொல்லித் தருவதாகக் கேள்வி. போனேன். கூரை வரை ஸ்பீக்கர் பெட்டிகள், தரையெல்லாம் சுருட்டிய வயர்கள், நடுவில் ஒரு பழைய மேசை.

"வாங்க கண்ணாடி அண்ணா. யாருக்காகக் கத்துக்கப் போறீங்க?"

மற்றவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஹெட்போனை எடுத்து என் ஒரு காதை மட்டும் மூடினார்.

"கூட்டம் கேட்குற பாட்டு இந்தக் காதுல. அடுத்து வரப்போற பாட்டு அந்தக் காதுல. கூட்டத்துக்கு ஏத்த மாதிரி ரெண்டையும் சேர்க்கணும். அவ்வளவுதான் தொழிலு."

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு என் காலைக் காட்டினார். கடையில் ஓடியது ஒரு தாளம். என் கால் போட்டுக்கொண்டிருந்தது வேறு தாளம்.

"புதுசா வர்ற எல்லாரும் இந்தத் தப்பத்தான் பண்ணுவாங்க அண்ணா. எந்தக் காதுல மனசு இருக்கோ, உடம்பு அதுக்குத்தான் ஆடும்."

தைரியம் வந்து வீடியோவைக் காட்டினேன். அது என்ன பாட்டாக இருக்கும் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் ஆடுபவர்களின் தோளைப் பார்த்தபடி மேசையில் விரலால் தட்டினார். "கூட்டம் இந்த வேகத்துல போகுது" என்றவர் தட்டுவதை நிறுத்தினார்.

"அண்ணி மட்டும் இதுல இல்லையே."

"எதுல?"

"இந்தப் பாட்டுல. கால பாருங்க, உங்களுக்கு மேல தப்பு." படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினார். "காதுல இயர்போன் இருக்கு அண்ணா. அவங்க வேற எதையோ கேட்டுக்கிட்டு ஆடுறாங்க."

கூந்தலுக்குள் வெள்ளையாக ஒரு துணுக்கு தெரிந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவன், நூறு தடவை பார்த்தும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் தொப்பிக்காரனை.

படம் மறுபடி ஓடியது. இரண்டு கைகளையும் வளைத்து, எதையோ கட்டிப்பிடித்து, அதன் இழுப்புக்குக் குதித்துக் குதித்து நகர்ந்தாள். அவள் கட்டிப்பிடித்த அந்த வெற்றிடம் இடுப்பு உயரத்தில், சதுரமாக இருந்தது.

"ஓடிப் போய்க் கட்டிப்பிடிச்சேன்டி. அது நிக்கல, என்னையும் சேர்த்து இழுத்துக்கிட்டுக் குதிச்சு குதிச்சுக் கூடத்துக்கு வந்துருச்சு" என்று நான் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது அந்தப் பக்கம் அவள் மூச்சு முட்டச் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

"என்ன அண்ணா, பாட்டு தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிருச்சு" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் வயர் சுருட்டினார். பிறகு, "எதுக்கும் வியாழக்கிழமை மதியம் வந்துருங்க. அண்ணி வந்தா போட இன்னும் ரெண்டு பாட்டு தெரிஞ்சிருக்கட்டும்" என்றார். வருவதாகச் சொன்னேன். அகாடமியும் வேண்டாம், கத்துகிறவனும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து வாஷிங் மெஷின் முன்னால் நின்றேன். அது ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தேன். அதை உருவினேன். இரண்டு போர்வைகளைப் போட்டு ஓடவிட்டேன். அது வேகம் பிடித்துக் குதிக்க ஆரம்பித்த நேரம் அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க சத்தம்? மறுபடியும் நடக்குதா?"

"நடக்குது."

"ஐயோ, போய்ப் பிடிங்க!"

"பிடிச்சுக்கிட்டுத்தான் பேசுறேன்."

சிரித்தாள். அந்தப் பக்கம் தரையில் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. இப்போது கையை வளைத்திருப்பாளா?

"எங்க வரைக்கும் வந்துருச்சு?"

"கூடத்தைத் தாண்டி வாசலுக்கே வந்துருச்சு. அதுக்கு மேல எங்களுக்கு வழி தெரியல. நீ எப்ப வருவ?"

செருப்புச் சத்தம் நின்றது. மெஷின் மட்டும் என் கைக்குள் குதித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க" என்றாள் பிறகு, மூக்கை உறிஞ்சியபடி. "வச்சிராதீங்க."