எந்தக் கையில் போன்

என் தங்கை பெனிஷா செத்ததற்கு எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதுதான் உண்மை. மற்றதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட நியாயம்.

கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறும்போது ஜீப் பள்ளத்தில் உருண்டது. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போன பதினொரு பெண்களில் நாலு பேர் செத்துப்போனார்கள். காலேஜ் லீவில் இரண்டு நாள் போய்வருகிறேன் என்று கிளம்பிய பெனிஷாவும் அதில் ஒருத்தி. அம்மா வியாகுலமேரி தோள் எலும்பு முறிந்து பிழைத்தாள். ஜீப் ஓட்டிய இத்ரீஸும் மண்டையில் அடியோடு பிழைத்தார். கம்பத்தில் டீ குடித்தது வரைதான் ஞாபகம், அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என்று போலீசிடம் சொன்னார். வாய்கூசாமல் பொய் சொல்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. "டமார்னு சத்தம் கேட்டுச்சு. அம்புட்டுத்தான்" என்பாள். வைத்த கஞ்சி வைத்தபடி ஆறிக் கிடக்கும். ஒரே மாதத்தில் பாதி ஆளாகிவிட்டாள்.

நான் அப்போது மதுரையில் எம்.எஸ்சி. சைக்காலஜி முதலாம் ஆண்டு; லீவு போட்டு வீட்டில் இருந்தேன். மறந்ததை மீட்க வேண்டுமானால் பழைய சூழலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதில் வாசனைக்கு வலு அதிகம் என்று படித்திருந்தேன். அரைகுறைப் படிப்பு. பச்சை ஏலக்காய் ஒரு கைப்பிடி வாங்கிவந்து அம்மாவின் மடியில் போட்டேன். வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் போடும் பழைய சட்டையைப் போட்டுவிட்டேன். பிறகு கேட்டேன்.

"அந்த ஆளு போன எந்தக் கையில வச்சிருந்தான்?"

இத்ரீஸ் போன் பேசினார் என்று யாருமே சொல்லியிருக்கவில்லை. ஜீப்காரர்கள் பேசிக்கொண்டேதானே ஓட்டுகிறார்கள் என்பது என் நினைப்பு. அன்றைக்குக் காலையில் அவர் போனுக்கு அழைப்புகள் வந்திருந்தன. ஆனால் ஜீப் சரியாக எந்த நிமிஷம் உருண்டது என்று யாருக்கும் தெரியாது.

"தெரியலையே ஆத்தா" என்றாள் அம்மா. நான் விடவில்லை. தினமும் ஏலக்காய், தினமும் அதே கேள்வி. நாலாம் நாள், "இடது கைன்னு நெனைக்கிறேன்" என்றாள். ஒரு வாரத்தில் படம் முழுசாகிவிட்டது.

"இடது கைதான். காதுல வச்சுச் சிரிச்சான். ரோட்டப் பாருங்கண்ணேன்னு பெனிஷா கத்துனா."

அன்றைக்குச் சோற்றை மறுபடி வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு என் மேலேயே பெருமையாக இருந்தது. போலீசில் வாக்குமூலம் கொடுத்தோம்.

முதலாண்டு நினைவுக்கு, விழுந்த இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். முதல் வளைவு வந்ததும் அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடினாள்.

"தல சுத்துதாம்மா?"

"இல்ல. நம்மூருப் பொம்பளைக எல்லாரும் இப்படித்தான். மொத வளைவுல மூடுனா செக்போஸ்ட்டுலதான் தொறப்போம். அதுக்குள்ள செபமாலையில அம்பத்து மூணு மணியும் சரியா உருட்டி முடியும். இருவது வருசமாச்சு, இந்தப் பள்ளம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"அன்னைக்குமா?"

"அன்னைக்கும்தான். செபமாலையில மூணாவது பத்து மணி ஓடுச்சு. பெனிஷாதான் கண்ண மூடிக்கிட்டு செபத்த முன்ன சொல்லிக்கிட்டு வந்தா."

கேட்கிற கேள்வியே ஞாபகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் என்ற பாடம் இரண்டாம் செமஸ்டரில் வந்திருந்தது. மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். வீட்டில் நான் கேட்ட கேள்வியை நினைத்துப் பார்க்கவில்லை.

"அப்ப போன எப்படிம்மா பாத்த?"

அம்மா கண்ணைத் திறந்தாள். "பாத்தேன்டி பெனிட்டா. இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது. நீ கேக்கவும்தான எனக்கு ஞாபகமே வந்துச்சு?"

பொய் சொல்லவில்லை அவள். அதுதான் கொடுமை. அது நான் கேட்டுக் கேட்டு உண்டாக்கியது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எம் பிள்ளையக் கொன்னவனுக்கு நீ வக்காலத்தா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அரசு வக்கீலின் நம்பர் என்னிடம் இருந்தது. மூன்று தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். அம்மா சாப்பிட வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழை என்று சொல்வதுதான் சரி.

கோர்ட்டில் அம்மா தடுமாறவே இல்லை. இடது கை, காது, சிரிப்பு, பெனிஷாவின் கத்தல். பார்த்ததைச் சொல்கிறவள் இப்படித்தான் சொல்வாள்.

அடுத்த வாய்தாவில் நீதிபதி இத்ரீஸிடம் கேட்டார். அவர் கம்பை ஊன்றி எழுந்தார். ஒருவேளை இல்லையென்று சாதிப்பார், சண்டை போடுவார், உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"மொத எனக்கு ஒண்ணுமே தெரியலைங்கய்யா. ஒரு வருசமா எல்லாரும் சொல்லச் சொல்ல, இப்ப எனக்கே தெரியுது. போன் இடது கையிலதான் இருந்துச்சு. அந்தப் பிள்ள கத்துனதும் கேக்குது." எங்கள் பக்கம் திரும்பினார். "வியாகுலக்கா பொய் சொல்ல மாட்டாக. மன்னிச்சிருங்கக்கா."

இரண்டு பேருடைய ஞாபகமும் யாருடைய கேள்வியில் பிறந்தது என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பசிக்குது பெனிட்டா" என்றாள்.