பன்னிரண்டு முடிச்சுகள்

கடுகைக் காணாமல் மூன்று மணி நேரம் இருபது நிமிடம் ஆகிவிட்டது.

அவளுக்கு நாலரை வயது. உருவத்தைப் பார்த்து எல்லோரும் கூப்பிடும் பெயர் அது. எங்கள் பள்ளிக்கு வகுப்பறை கிடையாது. காட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, மழைக்கோட்டு மாட்ட வரிசையாக ஆணிகள், கை கழுவ ஒரு பீப்பாய். மற்றதெல்லாம் மரத்தடியில்தான். பிள்ளைகள் இலை பொறுக்கி எண்ணப் பழகுவார்கள், ஈர மண்ணில் குச்சியால் எழுதுவார்கள். நடத்துபவர் பெரியக்கா. விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான், எட்டு மாதமாகச் சின்னக்கா.

இடம் மாறும்போது ஒரு கயிறு உண்டு. அதில் பன்னிரண்டு முடிச்சு. ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் கடைசியில் நின்று எண்ணி, "சரி" என்றால் முன்னால் பெரியக்கா நடக்கத் தொடங்குவார். இன்று ஓடையிலிருந்து கிளம்பும்போதும் "சரி" என்றேன். கொட்டகைக்கு வந்து சாப்பாட்டுத் தட்டுகளை வைத்தபோது ஒரு தட்டு மிஞ்சியது.

வனக்காவலர் மேசையில் வரைபடத்தை விரித்திருந்தார். ஓடைக்கும் கொட்டகைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார்.

"இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கணும்."

"ஓடைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாக்கவா?" என்றார் தேட வந்தவர்களில் ஒருவர்.

"எதுக்கு? அங்கேருந்து கிளம்பினப்ப பன்னெண்டு பேரும் இருந்தாங்களாம். வந்திருக்கிறதே பதினாலு ஆளு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒழுங்கா எண்ணினியாம்மா?"

பெரியக்கா முந்திக்கொண்டார். "அவ கணக்கு தப்பாது சார். சயின்ஸ் படிச்ச பொண்ணு, ஒண்ணுக்கு ரெண்டு தரம் பாப்பா. வாயைத் திறந்து பேசத்தான் மாட்டா."

"பேசாத டீச்சரை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு முன், மற்ற பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துப் போனார்கள். கடுகின் தோழிக்கு நான் கோட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் காதில் சொன்னாள்: "அக்கா, அவ முடிச்சையும் நான்தான் பிடிச்சுக்கிட்டு வந்தேன். கல்லு எடுத்துட்டு ஓடி வரேன்னு சொன்னா."

இரண்டு கை, இரண்டு முடிச்சு. நான் எண்ணியது முடிச்சுகளை. ஓடையிலிருந்து கொட்டகைக்கு நாற்பது நிமிட நடை. அப்படியானால் அவள் தனியாகி மூன்றேகால் சொச்சம் இல்லை, நான்கு மணி நேரம்.

அதற்குப் பின் இரண்டு முறை வாயெடுத்தேன். முதல்முறை "சார்" என்றதும் அவர் கையிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. இரண்டாம் முறை பெரியக்கா என் தோளில் கை வைத்து, "உன் மேல தப்பில்ல, நீ கலங்காத" என்றார். அந்தக் கையின் கீழ் என்னால் பேச முடியவில்லை. வெளியே பள்ளத்தில் தேடுகிறவர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

மலைப்பக்கம் கறுத்திருந்தது. மேலே பெய்தால் அரை மணியில் ஓடை இடுப்பளவு வரும். என் இடுப்பளவு.

கடுகின் அம்மா பஸ் கண்டக்டர். வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு, தோளில் டிக்கெட் பையோடு வந்திருந்தார். அதுவரை வனக்காவலரையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"வீட்டுலயும் கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்குவா. கூப்பிடக் கூப்பிடச் சிரிப்பா, வெளிய வர மாட்டா" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீதானம்மா பின்னாடி வந்தே. நடக்கறப்ப எப்படி இருந்தா? அழுதாளா? கால் வலிக்குதுன்னாளா?"

தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. பெரியக்கா ஜன்னலைச் சாத்தப் போனார்.

"அவ எங்களோட நடக்கவே இல்லக்கா" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "நான் தலையை எண்ணல, முடிச்சைத்தான் எண்ணினேன். அவளை ஓடையிலயே விட்டுட்டு வந்துட்டோம்."